வேலி வாங்கப் போற பேராண்டிக்கு

என்ன பேராண்டி, பெரிய கேமரா வாங்கப் போறியாமே! ஒங்கம்மா சொன்னா. சொல்லும்போதே நெஞ்சுல கையை வச்சுக்கிட்டா, அதுலயே வெலை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வாங்குப்பா, வாங்கு. தரமணி ஏசி ரூமுல நாள் பூரா கம்ப்யூட்டரை மொறைச்சுப் பாக்குற கண்ணு, ஞாயித்துக்கெழமையாவது ஒலகத்தைப் பாக்கட்டுமே. நான் தடுக்க வரலை. திருவையாத்துப் பக்கத்துலேருந்து வந்து மயிலாப்பூர்ல சும்மா ஒக்காந்து ஒன் வீட்டுக் காப்பியைக் குடிக்கிறவன், நாலு வார்த்தையாவது சொல்லாட்டி சீரணமாகாது.

நீ பாக்குற வீடியோவெல்லாம் ஒன் முதுகுக்குப் பின்னால நின்னு நானும் பாத்தேன். கடைக்காரத் தம்பிகிட்டயும் கேட்டு வச்சிருக்கேன். நீ கண்ணு வச்சிருக்கிறது சோனி ஏ7 மார்க் 4. 2021ல அறிவிச்சது. 33 மெகாபிக்சல். பேட்டரி, கார்டோட 658 கிராம். அதுக்குத் தோதான 24-70 லென்ஸு, எஃப் 2.8 ஜிஎம் ரெண்டாவது பதிப்பு, தனியா 695 கிராம். ஆகமொத்தம் கழுத்துல ஒண்ணேகால் கிலோவுக்கு மேல தொங்கும். பாடி மட்டும் வந்தப்பவே ரெண்டு லட்சத்துக்கு மேல. லென்ஸு அதுக்குப் பங்காளி, வெலையில விட்டுக்குடுக்க மாட்டான்.

பீரோவுக்குள்ள ஒங்கப்பன் வச்சிருக்கிற பழசு, கேனான் பவர்ஷாட் எஸ்95. 2010ல வந்தது. 10 மெகாபிக்சல். எடை இருநூறு கிராமுக்கு உள்ள. சட்டைப் பையில போட்டா பை கூடத் தொங்காது. இதைத்தான் நீ "டப்பா"ங்கிற. புதுசுல கண்ணாடி இல்லை, மிரர்லெஸ்ஸுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுறியே, இந்த டப்பாவுலயும் கண்ணாடி கெடையாதுடா! கண்ணாடி இருந்தது நடுவுல வந்த எஸ்எல்ஆர் கேமராவுல. லென்ஸை மாத்திப் போடுற டிஜிட்டல் கேமராவுல அந்தக் கண்ணாடியை மொதல்ல கழட்டிப் போட்டது 2008ல பானசோனிக் ஜி1. ஒங்கப்பன் டப்பாவுக்கு அந்தக் கஷ்டம் பொறந்ததுலேருந்தே இல்லை.

சரி, கிண்டல் போதும். வித்தியாசம் எங்க இருக்குன்னு சொல்றேன், கணக்குல சொல்றேன். புதுசுல இருக்கிற சென்சார் 36 மில்லிமீட்டர் நீளம், 24 அகலம். பெருக்கிப் பாரு, 864. பழசுல ஏழரைக்கு அஞ்சரை சொச்சம், பெருக்கினா 41 சொச்சம். ஒண்ணு மத்ததைப் போல இருவது மடங்கு. எங்க தஞ்சாவூர்க் கணக்குல இருவது மா சேர்ந்தா ஒரு வேலி. ஆக, ஒங்கப்பன்கிட்ட இருக்கிறது ஒரு மா நெலம், நீ வாங்கப் போறது ஒரு வேலி. வெளிச்சங்கிறது மழை. ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் பெய்யும். ஆனா வேலியில விழுந்து தேங்குற தண்ணி மாவுல தேங்குமா? அதனாலதான் ராத்திரியில ஒன் புது கேமரா எடுக்கிற படம் தெளிவா வரும், பழசு எடுக்கிறதுல புள்ளி புள்ளியா வரும். இதுல எனக்கு வழக்கு இல்லை. வேலி வேலிதான்.

அந்த வேலியை வச்சுக்கிட்டு நீ என்ன வெள்ளாமை பண்றேங்கிறதுலதான் எனக்குச் சந்தேகம். போன ஞாயித்துக்கெழமை சிநேகிதன் கேமராவை இரவல் வாங்கி, சன்னதித் தெருவுல ஒன் தங்கச்சியை நிக்க வச்சு எடுத்தியே, அந்தப் படத்தைப் பாத்தேன். புள்ளை முகம் லட்சணமா இருக்கு. பின்னால என்னடான்னு கேட்டா, "தாத்தா, அது பொக்கே"ன்னு பெருமையா சொல்ற. பொக்கேயாவது பொடலங்காயாவது! அங்க இருந்தது கபாலீசுவரர் கோயில் கெழக்குக் கோபுரம்டா. 1906ல கட்டினது, 120 அடி. அத்தனை சுதை பொம்மையும் கரைஞ்சு வெறும் கலரா நிக்குது. இந்தப் படத்தை மாம்பலத்துல எடுத்தேன்னாலும் நம்பலாம், மலேசியாவுல எடுத்தேன்னாலும் நம்பலாம். மயிலாப்பூருக்கு வந்து, மயிலாப்பூரை அழிச்சு, அதுக்கு மாசத் தவணையும் கட்டுற சாமர்த்தியம் எங்க காலத்துல யாருக்கும் வரலைப்பா.

"அபர்ச்சரை மூடிக்கலாமே தாத்தா, எஃப் 9ல வச்சா எல்லாம் தெளிவா வரும்"னு நீ வாயெடுக்கிறது தெரியுது. வரும், மறுக்கலை. நவராத்திரிக்கு வடக்கு மாடவீதி பொம்மையெல்லாம் வாங்கி ஒங்கம்மா ஒம்பது படி கொலு வைக்கிறா. கீழ்ப்படி செட்டியார் பொம்மையிலேருந்து மேல்படி கலசம் வரைக்கும் தெளிவா வேணும். டப்பாவுல எஃப் 2லயே கெடைக்கிற தெளிவு, ஒன் கேமராவுல எஃப் 9க்கு மூடினாத்தான் கெடைக்கும். மடையை மூடினா தண்ணி எவ்வளவு உள்ள வரும்? எஃப் 2ல வர்றதுல இருவதுல ஒரு பங்கு. அதைச் சரிக்கட்ட டப்பாவுல 200 இருக்கிற ஐஎஸ்ஓவை நீ 4000க்கு ஏத்தணும். ஏத்தினா புள்ளியும் கூட வந்துடும். ஆக, வேலியை வாங்கி மடையை அடைச்சு ஒரு மாவுக்கு உண்டான தண்ணியை விட்டுக்கிறே. ஸ்டாண்டு போட்டு, ஐஎஸ்ஓவை எறக்கி, மெதுவா எடுத்தா நீ ஜெயிப்பே, பொம்மை எங்கயும் ஓடாது. ஆனா கொலு பாக்க வந்த மாமிங்க நடுவுல மூணு கால் ஸ்டாண்டை எங்க விரிப்பே? சுண்டல் வாங்கக் கை நீட்டவே எடமில்லையே.

பின்னணியைத் தெளிவா எடுக்கிறதுக்கும் ஒரு பரம்பரை இருக்கு, அது எங்க ஊருலயே இருக்கு. லின்னேயஸ் டிரைப்னு ஒரு வெள்ளைக்கார கேப்டன், மெட்ராஸ் ராஜதானியோட சர்க்கார் போட்டோக்காரர். 1858ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்து அடித்தளத்துல இருக்கிற கல்வெட்டை அப்படியே வளைச்சு எடுத்தார். 21 படம் எடுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். எழுத்துத் தெரியணும்னு எடுத்தவர் அவர். நீயா இருந்தா முன்னால ஒரு பொண்ணை நிக்க வச்சு, ராஜராஜன் குடுத்த தானத்தையெல்லாம் மங்கலாக்கியிருப்பே. இன்னொரு சேதியும் கேட்டுக்க. மெட்ராஸுக்கு கவர்னரா வந்த டிரெவெலியன், இந்தப் போட்டோ வேலையெல்லாம் ஆடம்பரம்னு சொல்லி அந்த உத்தியோகத்தையே நிறுத்திட்டார். ஒங்கம்மா நெஞ்சுல கை வச்சதுக்கு சரித்திர ஆதாரமே இருக்கு.

தெருவுக்கு வா. பங்குனிப் பெருவிழா எட்டாம் நாள், அறுபத்து மூவர். நாலு மாடவீதியிலயும் தலை தவிர வேற எதுவும் தெரியாது. நீர்மோர்க் குவளை ஒரு பக்கம், தோள்ல ஏறின கொழந்தை ஒரு பக்கம். அதுல ஒண்ணேகால் கிலோவைத் தூக்கி ரெண்டு கையையும் ஒசத்தினா, முதல்ல நனையுறது ஒன் அக்குள், அடுத்து வர்றது பின்னால நிக்கிறவர் வசவு. டப்பாவை ஒத்தக் கையில தூக்கு, எடு, பையில போடு. மோரும் குடிக்கலாம். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுல தீபாவளிக்கு மொத வாரம் போய்ப் பாரு. அங்க மனுசன் நடக்கிறதில்லை, கூட்டம் நகத்திக்கிட்டுப் போகும். அந்த எடத்துல லென்ஸ் மாத்துறேன்னு நின்னியோ, மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடுவாங்க.

அதோட, பெரிய கேமராவைப் பாத்ததும் ஜனங்க மாறிடுறாங்கப்பா. பூக்காரம்மா சாதாரணமா பேசிக்கிட்டே தொடுத்துக்கிட்டு இருப்பா, அதுதான் படம். நீ அந்தக் குழாயை நீட்டினதும் முந்தானையை இழுத்து விட்டு, "எந்த டிவி தம்பி? எப்ப போடுவீங்க?"ம்பா. பூங்காவுல காவக்காரரு தூக்கத்துலேருந்து எழுந்து வந்து பர்மிஷன் கேப்பாரு. அதே ஆளு டப்பாவைப் பாத்தா, "நல்லா எடு தம்பி"ன்னு திரும்பிப் படுத்துக்குவாரு.

பெரிசுக்கும் நியாயம் சொல்லணும், இல்லாட்டி பெரிய மனுசன்னு எதுக்கு இருக்கேன்? மார்கழி சீசன்ல சபாவுல மங்கல் வெளிச்சம், ஃப்ளாஷ் போடக் கூடாது, தனி ஆவர்த்தனத்துல மிருதங்கக்காரர் விரல் நிக்காது. அனுமதி வாங்கிட்டு, சத்தமில்லாத ஷட்டர்ல எடுக்கணும்னா டப்பாவால ஆகாது. கலாக்ஷேத்ராவுல ஒரு பொண்ணு அரையடி எம்பிக் கண்ணை உருட்டினா, அந்தக் கண்ணைத் தேடிப் பிடிக்கிற வித்தை ஒன் புதுசுக்குத்தான் தெரியும். அடையாறு முகத்துவாரத்துல கூழைக்கடா எறங்குறதை எடுக்க நீள லென்ஸ் வேணும், டப்பாவுல எடுத்தா அது கொசுவா கொக்கான்னு பட்டிமன்றம் வைக்கணும். கல்யாணத்துக்குப் படம் எடுத்துச் சம்பாதிக்கிறியா, ரெண்டு கார்டு போடுற கேமரா இல்லாம மண்டபத்துப் படி ஏறாதே. ஒரு கார்டு படுத்துச்சுன்னா, தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. இதுல எதையாவது நீ பண்ணப் போறியா? பண்ணுவேன்னா கண்ணை மூடிட்டு வாங்கு. இதுவரைக்கும் நீ எடுத்தது ஒன் தங்கச்சி, ஒன் காப்பி டம்ளர், மொட்டை மாடி நெலா. நெலா எங்கயும் ஓடலை, காப்பிதான் ஆறிப்போச்சு.

வாங்கினப்புறம் வளக்கிற செலவும் இருக்கு. மெட்ராஸ் காத்துல ஈரம் ஜாஸ்தி. பையில போட்டுப் பீரோவுல பூட்டி வச்சா லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிக்கும், கண்ணாடி மேல இருக்கிற பூச்சையே அரிச்சுடும். ஈரம் ஏறாத தனிப் பெட்டி வாங்கணும், இல்லாட்டி மூடி இறுக்கமான சம்படத்துல சிலிக்கா ஜெல் போட்டு வைக்கணும். ஏசி ரூமுலேருந்து சித்திரை வெயிலுக்குத் திடுதிப்புன்னு எடுத்துக்கிட்டு ஓடாதே, லென்ஸெல்லாம் வேர்த்து ஒண்ணும் தெரியாது. பையை மூடினபடியே கொஞ்ச நேரம் வெளிய வச்சுட்டு அப்புறம் தொற. எலியட்ஸ் பீச்சுல உப்புக்காத்து, ஈரத்துணியால ஒத்தித் தொடை. டப்பாவுக்கும் வியாதி உண்டு. அதோட மூக்கு நீண்டு சுருங்குற இடுக்குல ஒரு மணல் போனா அப்படியே மாட்டிக்கும், ரிப்பேர் பண்ற ஆளைத் தேடி ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க அலையணும். பொத்தானை அழுத்தி அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கொழந்தை சிரிப்பை நிறுத்திடும். இப்ப பயலுவ இந்த மாதிரி பழைய சிசிடி சென்சார் கேமராவுக்குத் தனி அழகுன்னு அலையுறாங்களாம். பத்து வருசமா பீரோவுல கெடந்தப்ப குப்பை, வெளிநாட்டுப் பொண்ணு கையில பாத்ததும் அழகு. நம்ம வீட்டுப் பாட்டிக்கும் இப்படி ஒரு காலம் வந்தா நல்லாருக்கும்.

என் காலத்துல பரோடாவுல செஞ்ச அக்பா கிளிக் த்ரீ வச்சிருந்தேன். ஒரு ரோலுக்குப் பன்னெண்டே படம். பதிமூணாவது ஆளு வந்து நின்னா, "ஒனக்கு அடுத்த பொங்கலுக்கு"ன்னு சொல்லுவோம். பாரதியாரையே எடுத்துக்க. நமக்குக் கெடைச்சிருக்கிற அவரோட போட்டோ அஞ்சுதான்னு சொல்லுவாங்க. அந்த அஞ்சை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் மீசையும் முண்டாசும் வரையுது. ஒங்கக்கா வளைகாப்புக்கு நீ எடுத்தது மட்டும் எத்தனை நூறு? எல்லாம் ஹார்டு டிஸ்க்குல தூங்குது. குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்பினது ஒண்ணு ரெண்டு, அதையும் அது சுருக்கித்தான் அனுப்பிச்சு. 33 மெகாபிக்சலோட எடுத்தாலும் ஒங்க சித்தி அதைக் கட்டைவிரல் அகலத்துலதான் பாப்பா. பன்னெண்டு அங்குலத்துக்கு ஒம்பது அங்குலம் பிரிண்டு போட அந்த டப்பாவோட பத்து மெகாபிக்சலே தாராளம். அவ்வளவு பெருசா ஒன் வீட்டுச் செவுத்துல எத்தனை படம் தொங்குது?

அதனால என் யோசனை இது. நாள் வாடகைக்குக் கேமரா குடுக்கிற கடை மெட்ராஸ்ல நெறைய இருக்கு. ஒரு திருவிழா, ஒரு கச்சேரி, ஒரு ஞாயித்துக்கெழமை பறவை, மூணுக்கும் வாடகைக்கு எடு. இடுப்புல டப்பாவையும் வச்சுக்க. ரெண்டுலயும் எடுத்ததை மேக்ஸி சைஸ்ல பிரிண்டு போட்டு, எதுல எடுத்ததுன்னு சொல்லாம ஒங்கம்மா முன்னால வை. அவ பத்திரப்படுத்துறது எதுன்னு பாரு. பெரிசுல எடுத்ததைத்தான் எடுத்து வச்சான்னா, பணம் கொறைஞ்சா என்கிட்ட கேளு, நெல்லு வித்துத் தர்றேன்.

அதெல்லாம் முடியாது, இந்த மாசமே வேணும்ங்கிறியா? சரி, தவணைக் கடனுக்கு எழுதிக் குடு. எதுக்காகக் கடன்னு அதுல ஒரு கட்டம் இருந்தா, பொய் எழுதாதே, "120 அடி கோபுரத்தை மங்க வைக்க"ன்னு உள்ளதை எழுது. ஜாமீன் கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. எனக்குக் கண்ணு பொரை, காசு செலவில்லாமலே மங்கலாத் தெரியுது.