தாளம் தப்பிய இதயத்துக்கு டப்பா வைத்தியம்

நெஞ்சு படபடக்கிறது. நாடி பிடித்துப் பார்த்தால் ஒழுங்கே இல்லை. ஈசிஜி எடுத்த டாக்டர் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கவலையை விடுங்கள். உங்களுக்காக மருந்துக் கடைக் கண்ணாடி அலமாரியில் சத்து டப்பாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கீழே உள்ள படிகளில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். மீதியையும் முடித்துவிடலாம், வாருங்கள்.

1. நோயைச் சுருக்குங்கள்.
வீட்டில் “வாயுதான்” என்று அறிவியுங்கள். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன, அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகலாம், பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றெல்லாம் டாக்டர் சொல்லியிருப்பார். ஒரு ஏப்பம் வந்ததும் அத்தனையையும் மறந்துவிடுங்கள்.

2. டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் படியுங்கள்.
முன்னால் சிவப்பு இதயம் இருக்கும். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும் எங்கேயாவது ஆங்கிலத்தில் இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதி அப்படிப் போடச் சொல்கிறது. அதைக் கட்டை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து மச்சினர் கொண்டுவந்த டப்பா என்றால் இந்தச் சிரமமும் இல்லை. அந்த நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பலன் உண்டு என்று அரசிடம் நிரூபித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது.

3. மீன் எண்ணெயில் தாராளம் காட்டுங்கள்.
இதயத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனவே ஒன்றுக்கு நான்காகப் போடுங்கள். 2021-இல் ஏழு ஆய்வுகளை, 81,000-க்கும் மேற்பட்டவர்களை, சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு இதே தாளக் கோளாறு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. தினம் 1 கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு 49 சதவீதம் அதிகம். அதற்குள் நிறுத்தியவர்களுக்கு 12 சதவீதம். இதயத்தில் வேலை செய்யும் பொருள்தானே கேட்டீர்கள்? செய்கிறது.

4. கிட்னியைக் கேட்காமல் தாது உப்பு ஏற்றுங்கள்.
எகிறும் துடிப்பை அடக்க ஆஸ்பத்திரியில் சில சமயம் மக்னீசியத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். ஆகவே வீட்டில் மாத்திரையாக விழுங்கினாலும் அதே பலன் என்று முடிவு கட்டுங்கள். கூடவே, சோடியம் குறைத்த உப்புக்கு மாறுங்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயர் ‘பிரில்’ என்றோ ‘சார்டன்’ என்றோ முடிந்தால் அதுவும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனைக்கு ஆகும் காசில் இன்னொரு டப்பா வாங்கலாம்.

5. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைக்குத் துணை சேர்த்துக்கொள்ளுங்கள்.
பூண்டு கேப்ஸ்யூல், ஜின்கோ, மஞ்சள் சாரம் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை எதிர்ப்பக்கம் இழுக்கும். வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவராக்ஸபான் என அந்த மாத்திரைகள் எல்லாவற்றின் வீரியத்தையும் குறைக்கும். நான்கையும் சேர்த்துச் சாப்பிட்டால் கூட்டலும் கழித்தலும் சரியாகிவிடும் என்று நம்புங்கள். வார்ஃபரின்காரர்கள் ஒரு வாரம் முருங்கைக்கீரைப் பொடியை ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிட்டு, மறுவாரம் அடியோடு நிறுத்துங்கள். தினமும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் டாக்டர் அதற்கேற்ப டோஸை அமைத்து, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆரை 2-க்கும் 3-க்கும் இடையில் நிறுத்திவிடுவார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

6. ரத்தப் பரிசோதனையைக் குழப்புங்கள்.
தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இந்தப் படபடப்பு வரும் என்பதால் டாக்டர் அதையும் பார்ப்பார். முடி கொட்டாமலிருக்க விழுங்கும் பயோட்டினை அன்று காலையும் மறக்காமல் போடுங்கள். இயல்பான தைராய்டையும் அதிகமென்று ரிப்போர்ட்டில் காட்டும் திறமை அதற்கு உண்டு. நிஜமாகவே அதிகமாக வேண்டுமென்றால் அயோடின் நிறைந்த கடற்பாசி கேப்ஸ்யூல் முயன்று பார்க்கலாம்.

7. வெற்றியை மட்டும் கணக்கில் எழுதுங்கள்.
இந்தக் கோளாறு பலருக்குத் தானாக வரும், சில மணி நேரத்திலோ சில நாளிலோ தானாகப் போகும். போனால் கேப்ஸ்யூலுக்கு நன்றி சொல்லுங்கள். திரும்ப வந்தால் டோஸ் போதவில்லை என்று அர்த்தம். இந்தக் கணக்கில் தோற்ற டப்பா உலகத்திலேயே கிடையாது.

8. டப்பாவில் அடைக்க முடியாததைத் தொடாதீர்கள்.
பருமனாக இருந்தவர்கள் உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைத் தக்கவைத்தபோது, தாளக் கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியதாக 2015-இல் அடிலெய்டு மருத்துவர்கள் எழுதினார்கள். 2020-இல் வெளியான இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில், வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்குக் கோளாறு திரும்பியது. குடியை விடச் சொல்லப்பட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு. பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது, குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா என்று பார்ப்பது, இவையும் இதே ரகம்தான். விலையும் இல்லை, சிவப்பு இதயப் படமும் இல்லை. இதையா நம்புவது?

9. டாக்டரிடம் வாயைத் திறக்காதீர்கள்.
“வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்பார். “இல்லைங்க டாக்டர்” என்று பளிச்சென்று சொல்லுங்கள். அது மாத்திரை இல்லையே, சத்துதானே! மனைவியிடம்கூடப் பட்டியலைக் காட்டாதீர்கள். படபடப்பு அடங்கிய ஒரு நல்ல நாளில், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையையும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுங்கள். அதன்பின் ஒரு காலைப்பொழுதில் வாய் கோணி, கை துவண்டு, உங்களை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, “என்னென்ன சாப்பிட்டார்?” என்று எல்லோரும் மாறி மாறிக் கேட்பார்கள். பேச்சே வராது. ரகசியம் பத்திரமாக இருக்கும்.