ஆற்றில் மீன்பிடிக்க வருவோர் கவனத்துக்கு

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உறைந்த ஏரிமேல் நடந்துபோய்த் தூண்டில் போடவே 4 அங்குலப் பனிக்கட்டி வேண்டுமாம். பனிவண்டிக்கு இன்னும் கனமாக வேண்டுமாம். என்ன கெடுபிடி! நம் காவிரியில் அளவுகோலே வேண்டாம். கோடையில் மணல் லாரியே இறங்கும். விரிசல் விடாது, மூழ்காது.

இரைக்கும் பஞ்சமில்லை. வாழைக்கொல்லை ஓரம் ஈரம் பார்த்து நாலு கொத்து கொத்தினால் மண்புழு. முள் வெளியே தெரியாமல் கோத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஒழுங்கும் நம்மிடம் அதிகம். கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அதற்கு அரசாணை, அபராதம், ரோந்து. ஆற்றில் எதுவும் தேவைப்படவில்லை, மீன்களே தடையைக் கடைப்பிடிக்கின்றன.

தண்ணீர்? மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதுவரை தூண்டில்காரர்கள் லாரிக்கு வழிவிட்டு ஓரமாக உட்காரவும்.