சீர் சோபாவும் செகண்ட் ஷிஃப்டும்

ஒரகடம் பக்கம் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப் வேலை. அங்கே உள்ளே நுழையுமுன் உடம்பெல்லாம் காற்றடித்துத் தூசியைத் தட்டுவார்கள். சென்ட், தலைக்கு எண்ணெய் எதுவும் ஆகாது. பொட்டு எண்ணெய்ப் பசை பட்டாலும் பெயின்ட் பிடிக்காமல் குழி விழுந்துவிடும். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து அவர் இறங்கும்போது பெயின்ட் ஷாப்பும் கூடவே இறங்கிவிடும்.

வீட்டில் மாமனார் சீராகக் கொடுத்த தேக்கு சோபா. "தலைக்கு எண்ணெய் வெச்சிருக்கீங்களா சார்?" இதுதான் வாசலில் வரவேற்பு. வைத்திருந்தால் பிளாஸ்டிக் நாற்காலி. வைக்காதவருக்கும் அதேதான், நாளைக்கு வைக்கமாட்டார் என்று என்ன நிச்சயம்? அரக்குப் பாலிஷ் மேல் சூடான தம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். நம் முன்னோர்கள் டவராவைக் கண்டுபிடித்ததே தேக்கைக் காப்பாற்றத்தான் என்பது அவர் கட்சி.

ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் பாலிஷ் வெளுத்துப் பூத்துவிடும் என்பதால் தை பிறந்ததும் லீவு போடுவார். உப்புத்தாள் 120-ல் தொடங்கி 220, 320 என்று, மர ரேகை ஓடும் போக்கிலேயே தேய்ப்பார். அரக்குச் சில்லை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, ஒரு கோட், காய்ந்ததும் இன்னொன்று. தூசி பறக்குமாம், ஃபேன் கிடையாது. ஸ்பிரிட் பற்றிக்கொள்ளுமாம், அடுப்பும் கிடையாது. மூன்று நாள் பார்சல் பிரியாணி.

"பொங்கலுக்குச் சுவத்துக்கு வெள்ளையடிங்கன்னா மட்டும் காதுல விழாது" என்பார் அவர் மனைவி. காதில் விழாது. அவர் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, தப்பு தெரிந்த இடத்திலெல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டுக்கொண்டிருப்பார். சென்ற வருஷம் பதினோரு வட்டம். ஒன்றில் எறும்பின் கால் ஒட்டியிருந்தது. மீண்டும் உப்புத்தாள்.

ஆனால் அவருடைய உண்மையான பெருமை கட்டில்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கொரியக் கம்பெனியின் சான்ட்ரோ கார் வெளிவரத் தொடங்கிய பிறகு இந்தப் பாதையில் கொரியப் பெட்டிகளுக்கு ஏது பஞ்சம்? மெஷின் வந்த பைன் பெட்டியைப் பிரித்து ஆசாரி செய்து கொடுத்தது அது. தலைமாட்டில் ஒரு சாண் இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறார். அங்கே கோதுமைக் கதிர் படம், கே.ஆர்., எச்.டி. என்று ஒரு முத்திரை.

"56 டிகிரி, 30 நிமிஷம், மரத்தோட நடு வரைக்கும் சூடு ஏத்தியிருக்கான் சார். உலக நாடெல்லாம் ஒத்துக்கிட்ட முத்திரை. கரையானே வராது!"

அந்தச் சூடு, பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு கப்பலேறும் பூச்சிக்குத்தான். ஸ்ரீபெரும்புதூர்க் கரையானுக்கு அது செல்லாது. சொல்ல வாயெடுத்தேன். அவர் டார்ச் எடுக்க உள்ளே போன நேரம், மனைவி கையெடுத்துக் கும்பிட்டார்.

"சொல்லிடாதீங்கண்ணா. வீட்ல நாங்க தொடலாம்னு விட்டுவெச்சிருக்கிறது இந்தக் கட்டில் ஒண்ணுதான்."