கவ்வாத்துக் கணினியியல்: ஊவா மாகாணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கலைச்சொல்

யாரோ பாவித்த மடிக்கணினியைத் துடைத்து, உதிரி மாற்றி, மறுபடி விற்பதை ‘ரீஃபர்பிஷ்ட்’ என்கிறார்கள். பதுளைக் கடைத்தெருவில் “யூஸ்ட்தான், ஆனா புதுசு மாதிரி” என்பார்கள். இதற்குத் தமிழில் சொல் இல்லையே என்று வருந்தும் புலவர்கள் தோட்டத்துப் பக்கம் வந்ததில்லை. தேயிலையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கட்டையாக வெட்டி விடுவார்கள். பழைய கட்டையிலிருந்து புதுத் துளிர் கிளம்பும். அதுதான் கவ்வாத்து. ஆகவே இது கவ்வாத்துக் கணினி. கலைச்சொல் நிறுவப்பட்டது.

2. முந்தைய ஆய்வுகள்

ஒன்றே ஒன்று உண்டு, செய்தவன் நானே. மூடியின் மினுமினுப்பை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். பதுளையில் 100 வீதம் காட்டிய பேட்டரி, அடுத்த ஸ்டேஷனான ஹாலிஎலயில் அணைந்தது. தெமோதரை வளைவைப் பார்க்கக்கூட அதற்குக் கொடுத்துவைக்கவில்லை.

3. ஆய்வுக்குழு

இம்முறை முதன்மை ஆய்வாளர் எங்கள் அத்தை. தகைமை: 33 வருடம் கொழுந்து எடுத்தது. நோக்கம்: அத்தை மகள் பேராதனைக்குக் கெம்பஸ் போவது. நான் பை தூக்கும் உதவி ஆய்வாளன்.

4. தரக் கோட்பாடு

“இது ஏ கிரேட் அம்மா” என்றார் கடைத்தம்பி. அத்தை அசரவில்லை. பி.ஓ.பி., டஸ்ட் என்று தேயிலை ஸ்டோரில் பிரிப்பது தூளின் பருமனைத்தான். ருசி வாயில் வைத்தால்தான் தெரியும். கணினியின் ஏ கிரேடும் பெரும்பாலும் அப்படியே. மேலே கீறல் இல்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

“கூடையில மேலாக்க நல்ல கொழுந்துதான் கெடக்கும் தம்பி. அடியில கைய விட்டுப் பாக்கணும்” என்றார் அத்தை. அடியில் கைவிடும் வேலை எனக்கு வந்தது.

5. சோதனைகள்

முதற்சோதனை, வம்சம். ‘ஐ5’ என்ற ஸ்டிக்கர் குடும்பப்பெயர் மட்டுமே; கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் தலைமுறை இருக்கிறது. 7200 என்றால் ஏழாவது, 8250 என்றால் எட்டாவது. மலையகத்தின் 200 வருடத்தை 2023இல் நினைவுகூர்ந்தோம். 25 வருடத்துக்கு ஒன்று என்று வைத்தால் எட்டுத் தலைமுறை. இன்டெல் அதை 2008க்கும் 2017க்கும் இடையில் முடித்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் நின்றது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை. முதலாவது மடிக்கணினி ஏழாவது. கழிக்கப்பட்டது.

இரண்டாம் சோதனை, உழைப்பு. டிஸ்க் ஓடிய மணித்தியாலத்தைக் காட்டும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கழித்த கணினி 21,000 மணி காட்டியது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம்; எட்டு மணிக்கு ஒரு பேர் என்றால் 2,625 பேர். “ஈ.பி.எஃப். கட்டுனாங்களா?” என்று கேட்டார் அத்தை. அடுத்ததில் வெறும் 40 மணி. நான் மகிழ்ந்தேன், அத்தை மகிழவில்லை. டிஸ்க்கைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். 40 மணி என்பது துளிரின் வயது, கட்டையின் வயது அல்ல.

மூன்றாம் சோதனை, மூச்சு. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். பிறந்தபோது 50,000 மில்லிவாட் மணி பிடித்தது, இப்போது 31,000 பிடிக்கிறது என்றது. இங்கேதான் கவ்வாத்துக் கோட்பாடு காசாகிறது. பேட்டரி, டிஸ்க், பல மாடல்களில் ரேம் எல்லாம் துளிர், மாற்றலாம். புரொசெஸரும் போர்டும் கட்டை. மடிக்கணினியில் அதை மாற்றப் போனால் வேறு கணினியே வாங்கிவிடலாம். ஆகவே கட்டை சொத்தையென்றால் எழுந்து வந்துவிட வேண்டும்; துளிர் வாடியிருந்தால் விலையைக் குறைக்க வேண்டும். 72,000 என்றது 67,500க்கு இறங்கியது.

2024இல் 1,350 ரூபாயாக்கப்பட்ட நாட்சம்பளத்தில் இது சரியாக 50 பேர். பில்லில் சீரியல் இலக்கத்தை எழுதச்சொன்னார் அத்தை. ஆறு மாத வாரண்டி என்றாலும், தோட்டத்திலிருந்து ஒருமுறை திருப்பிக்கொண்டு வந்தால் பஸ் காசோடு இன்னொரு பேர் போகும். அந்த 51ஆவது பேரைக் கடைக்காரர்கள் விலையில் சேர்ப்பதில்லை.

6. ஆய்வின் எல்லைகள்

வாங்கிய கணினியை நீண்டகாலம் அவதானிக்க முடியவில்லை. ஒக்டோபர் மாதத்து ஊவாவில் பின்னேரமானால் இடி இடிக்கும். அத்தை பகல் சாப்பாட்டோடு வயரைக் கழற்றி, கணினியைப் பழைய சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். “ஐம்பது பேருடா” என்கிறார். ஆதலால் இவ்வாய்வுக் கட்டுரை சீஆர் கொப்பியில் பேனாவால் எழுதப்பட்டது.