தயவுசெய்து அமரவும்

திருவிருந்துக்குப் பிந்திய மன்றாட்டுக்கு "ஆமென்" சொல்லிச் சனம் மூச்சுவிடுவதற்குள், ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டி "இறைமக்கள் தயவுசெய்து அமரவும்" என்கிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். பங்சாரிலிருந்து பிரிக்பீல்ட்சுக்கு இறங்கிப் பூசை காண்பவர்களுக்கும், செந்தூல், புடு, கிள்ளான் கோவில்களில் வாரந்தவறாமல் முழங்காலிடுபவர்களுக்கும் இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எந்தக் கோவில் ஆள் என்று துப்பறியவும் வேண்டாம். பங்குக்கு ஒருவர் தவறாமல் கிடைக்கிறார். நிற்க வைத்தே முடிக்கக்கூடிய சங்கதி என்றால் அமரச் சொல்லமாட்டார். அமரச் சொன்னார் என்றால் கையில் இருப்பது ஒரு தாளோடு முடிகிற கதையல்ல. பழக்கப்பட்டவர்கள் தாளை எண்ணுவதில்லை, மூக்குக் கண்ணாடியைக் கவனிப்பார்கள். அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து மாட்டினார் என்றால் பிள்ளைகளை அமைதிப்படுத்த இன்னொரு மிட்டாய் எடுக்க வேண்டியதுதான்.

இவர் கெட்டவர் என்று நிறுவுவது என் நோக்கமல்ல. என் வாதம் அதைவிடச் சிறியது. இவர் வாசிக்கும் அறிவிப்பு எவருக்குத் தேவையோ அவர் அந்த நேரத்தில் கோவிலுக்குள் இருப்பதில்லை. இருப்பவருக்கோ அது தேவையில்லை. காடி அறிவிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசலை மறித்து நிற்கும் வெள்ளை மைவியின் உரிமையாளர் உடனே வந்து அகற்றவும் என்று எண்ணோடு வாசிக்கிறார். ஒருவன் வாசலை மறித்துக் காடி வைப்பது எதற்கு? நன்மை வாங்கிய கையோடு முதல் ஆளாகக் கிளம்பத்தான். தாளில் அந்த எண் எழுதப்பட்டபோது இருந்த மைவி, வாசிக்கப்படும்போது பங்சார் போய்ச் சேர்ந்திருக்கும். கோவிலுக்குள் இருப்பவர்களெல்லாம் மறிக்கப்பட்டவர்கள். அவர்கள்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். "பூசைக்கு நேரத்தோடு வாருங்கள்" என்ற கண்டிப்பும் இப்படியே, நேரத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர் தலையில் விழுகிறது. மறைக்கல்வி முடிந்து பிள்ளைகளை அழைத்துப்போகத் தாமதிக்கும் பெற்றோருக்கான எச்சரிக்கையைக் கேட்கிறவர்கள், பிள்ளைகள் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட தாய் தகப்பன்மார். அந்தத் தாமதப் பெற்றோர் பிள்ளையை இறக்கிவிட்டு நேரே தோசைக்குப் போனவர்கள். பூசைக்கு வந்தால்தானே கேட்பதற்கு.

எல்லாவற்றுக்கும் சிகரம், நன்மை வாங்கியதும் வெளியேறுகிறவர்களைக் கண்டிக்கும் அறிவிப்பு. கடைசி இராவுணவில் முதலில் எழுந்து போனவன் யூதாசு என்று இவர் நினைவூட்டாத மாதம் கிடையாது. யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மீதிப் பதினொரு பேரை உட்கார வைத்து யாரும் அறிவிப்பு வாசித்ததாக அங்கே எழுதியில்லை. போனவர்கள் போனதற்குக் காரணம் அறிவிப்பு. அறிவிப்பு நீள்வதற்குக் காரணம் போனவர்கள். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு தண்டனை அனுபவிப்பது இருப்பவர்கள் மட்டுமே. தண்டனை என்பது சும்மா சொல்லல்ல: இளைஞர் குழு வெளியே நாசி லெமாக் விற்கிறது என்று இவர் வாசித்து முடிக்கும்போது, யூதாசுகள் அதை வாங்கித் தீர்த்திருப்பார்கள். சம்பால் வாசனை பக்கக் கதவு வழியாக முன்பே வந்து அறிவித்துவிட்ட ஒன்றுக்கு எதற்கு ஒலிபெருக்கி?

இனி வாரத்துக்கு வருவோம், இவருடைய முழுத்திறமையும் அங்கேதான். மரியாயின் சேனை 1921இல் டப்ளினில் தொடங்கியது. வாராவாரம் கூடுவது அதன் சட்டம். அதன் அங்கத்தினர் பத்துப் பேருக்கும் கூட்டம் என்றைக்கு என்று தெரியும், தெரியாத மற்றவருக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் அது வாசிக்கப்படும். வின்சென்ட் தே பவுல் சபைக்கு 1833இலிருந்து, அதாவது பாரிசிலிருந்தே, கூடிப் பழக்கம். செவ்வாய் அந்தோணியாருக்கு, புதன் சகாய மாதாவுக்கு, மாதத்தின் முதல் வெள்ளி திரு இருதயத்துக்கு என்பது பாட்டிமார் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன கணக்கு. அதையும் வாசிப்பார். "வருகிற செவ்வாய்க்கிழமை, மாலை மணி 7.30க்கு, அதாவது ஏழரைக்கு" என்பார், 7.30 என்றால் வேறு ஏதாவது அர்த்தம் எடுத்துக்கொள்கிற ஆட்களும் இருக்கலாம் என்ற முன்னெச்சரிக்கை. பாடகர் குழுப் பயிற்சியை, அதைக் கேட்டுப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாடகர் குழுவுக்கே அறிவிப்பார். வேடிக்கையில் வேடிக்கை பி.இ.சி. கூட்டங்கள். தீபகற்ப மலேசிய ஆயர்களும் குருக்களும் 1976இல் கூடி யோசித்த புதுப்பித்தலிலிருந்து வந்தவை இந்த அடிப்படைச் சமூகங்கள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கன் யார், அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவை. அப்படித் தெரிந்திருந்தால் செய்தி வேலிக்கு மேலேயே போய்ச் சேர்ந்திருக்கும். லக்கி கார்டன் வட்டாரக் கூட்டம் இன்னார் வீட்டில் என்று நானூறு பேருக்கு ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியிருப்பதே, அந்தச் சமூகம் இன்னும் அமையவில்லை என்பதற்குச் சாட்சி.

இவற்றை வரிசையாக வாசித்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். "இறுதியாக" என்பார். தொடைமேல் இருந்த கைப்பை தோளுக்கு ஏறும். அதன்பின் "கடைசியாக" என்பார். இறுதியும் கடைசியும் வேறு வேறு என்று அப்போதுதான் தெரியவரும். அதன்பின் "ஒரே ஒரு விஷயம்". அந்த ஒரே விஷயத்தின் நடுவில், பக்கவாட்டிலிருந்து ஓர் ஆன்ட்டி குனிந்தபடி வந்து துண்டுச்சீட்டு ஒன்றைக் கொடுப்பார். துண்டுச்சீட்டு கைக்கு வந்ததும் இவர் முகத்தில் தோன்றும் பொறுப்புணர்ச்சியை மந்திரிசபை அறிக்கை படிப்பவரிடம்கூடக் காண முடியாது. கையெழுத்துப் புரியாமல், ஆன்ட்டியையே மறுபடி கூப்பிட்டு, ஒலிவாங்கி திறந்திருக்கும்போதே கேட்டுத் தெளிந்து, பிறகு வாசிப்பார். காணாமல்போன குடை கிடைத்திருக்கிறது, உரியவர் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

எதிர்வாதம் உண்டு. கைப்பேசியும் வாட்ஸ்அப்பும் எல்லோருக்கும் பழக்கமா, முதியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பார்கள். முதியவர்களுக்குத்தான் இது கொஞ்சமும் தேவையில்லை. இவர் பீடச்சிறாராக மணியடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவர்கள் நவநாளுக்குப் போய் வந்தவர்கள். நேரம் மாறினால் இவருக்கு முன்பே கேட்டு வைத்திருப்பார்கள். அடுத்த வாதம் மொழி. பங்கு மடல் ஆங்கிலத்தில் வருகிறது, தமிழ்ப்பூசைக்காரருக்குத் தமிழில் சொல்ல வேண்டாமா? நியாயமான கேள்வி. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளில் வார இதழ் நடத்துகிற திருச்சபை இது. மொழியை அலட்சியமாக விட முடியாது. ஆனால் நடப்பது என்ன? "ஆர்.சி.ஐ.ஏ. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் பேரிஷ் ஆபீஸ் கவுண்டரில் கலெக்ட் பண்ணிக்கொள்ளவும்" என்பதில் தமிழ்ப்பூசைக்காரருக்கு மிஞ்சியது கடைசிச் சொல் மட்டும். அதே தாளைத் தமிழில் அச்சடித்து வாசலில் வைத்தால் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு தரம் படிப்பார்கள். மூன்றாவது வாதம், திருச்சபையே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது என்பது. கொடுத்திருக்கிறது. திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 90ஆம் எண், ஆசீருக்கு முன் அறிவிப்புக்கு இடம் வைக்கிறது. தேவையானால் என்றும், சுருக்கமாக என்றும் இரண்டு நிபந்தனைகளோடு. நம்மவர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். 309ஆம் எண்ணின்படி வாசக மேடை இறைவார்த்தைக்கானது. இவர் நிற்பது அதிலேதான். 2024 ஜூனில் போப் பிரான்சிஸ், பிரசங்கம் எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று குருக்களுக்குச் சொன்னார். அறிவிப்புக்கு அவர் கணக்குச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பூசை ஒன்றுக்கு வந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அப்படியானால் அறிவிப்பே கூடாதா என்றால், அதுவும் இல்லை. ஓலை வாசிப்பதை நினைத்துப் பாருங்கள். 1215இல் லாத்தரன் பொதுச்சங்கம் ஏற்படுத்தி, 1563இல் திரிதெந்தீன் சங்கம் மூன்று முறை என்று உறுதிசெய்த வழக்கம் அது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை அறிந்தவர் பங்குக்குருவிடம் தெரிவிக்கவும். அந்தத் தடையை அறிந்தவர் யார் என்று வாசிப்பவருக்குத் தெரியாது. கூட்டத்தில் எங்கோ ஒருவர் இருக்கலாம். ஆகவே எல்லோருக்கும் உரக்கச் சொல்லியாக வேண்டும். முதல் ஓலை வாசிக்கும்போது ஒரு கைப்பைகூட அசையாது, இறைவார்த்தைக்கே கிடைக்காத கவனம் அதற்குக் கிடைக்கும். பதில் யாரிடம் இருக்கிறது என்று தெரியாத செய்தியே ஒலிபெருக்கிக்கு உரியது. பெருந்தொற்றுக்குப் பின் கோவில்களைத் திறந்தபோதும் அப்படித்தான்: எத்தனை பேருக்கு இடம், எப்படிப் பதிவது என்பதெல்லாம் வாரத்துக்கு வாரம் மாறின, இவரில்லாமல் சனம் வாசலில் தடுமாறியிருக்கும். ஆனால் அதற்குமுன், 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கோவில் கதவுகள் பூட்டப்பட்டு, சேனையும் இல்லை நவநாளும் இல்லை என்றிருந்த வாரங்களில், இணையப் பூசையின் முடிவிலும் அறிவிப்பு இருந்ததே, அதற்கு என்ன விளக்கம்?

விளக்கம் இவரிடம் இல்லை, குழுக்களிடம் இருக்கிறது. ஒரு பங்கில் உள்ள சபைகள், குழுக்கள், வட்டாரங்கள் அத்தனைக்கும் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு. தங்கள் பெயர் பீடத்துக்கு அருகிலிருந்து வாசிக்கப்பட்டால்தான் அந்த வாரம் தாங்கள் உயிரோடு இருந்ததாக அவர்களுக்குக் கணக்கு. மாதர் சங்கத்து மருத்துவப் பரிசோதனையை வாசித்துவிட்டு இளைஞர் குழுவின் பூப்பந்துப் போட்டியை விட்டால் திங்கட்கிழமை தொலைபேசி வரும். இரண்டையும் வாசித்து வரிசையை மாற்றினாலும் வரும். ஏன் எங்களைக் கடைசியில் போட்டீர்கள், அதற்குள் ஆட்கள் போய்விட்டார்களே என்று. பாவம், இவர் அதிகாரி இல்லை, கைதி. ஏற்கெனவே தெரிந்ததைத் தெரிந்தவர்களுக்கே வாசிப்பது அவருக்கும் தெரியும் என்று சத்தியம் செய்வேன். அந்த மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதில் அவர் எடுக்கும் நேரம் வேறு எதற்காம்?

இருந்தாலும் ஒன்றை நகைச்சுவை இல்லாமல் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கோவிலில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும், பூசை முடிந்து சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டு மாலையில் பாசார் மாலாமுக்குப் போகிறவர்கள் அல்லர். பங்சார் வீடுகளில் சமைத்துப் பெருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது சில மணி நேரம். அதற்குள் பூசை காண வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் பார்க்க வேண்டும். இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்த காவலாளி இருக்கிறார். டயாலிசிசுக்கு நேரம் குறித்தவர் இருக்கிறார். பின்வாசலில் பாதி எழுந்து நிற்பவர்கள் இவர்கள்தான். ஆசீர் வாங்காமல் போக மனம் வராது, போகாமல் இருக்கவும் முடியாது. இவர்களையும் சேர்த்து யூதாசு என்கிறார்கள். ஆசீரைத் தாளின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இவர்களை நிறுத்துவது அநியாயம்.

அநியாயம் என்று தெரிந்தால் ஃபாதர் ஏன் நிறுத்தவில்லை? முடியாமல் இல்லை. திருச்சபைச் சட்டம் 536இன்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான், முடிவு அவருடையது. "இரண்டு நிமிடம் போதும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவரோ நாற்காலியில் கண்மூடி இருக்கிறார், சனம் செபம் என்று நினைத்துக்கொள்கிறது. அவருக்குக் கணக்கு வேறு. தாளைப் பிடுங்கினால் மனிதர் மனம் கசந்து இரண்டு வாரம் கண்ணில் படமாட்டார். ஜூன் 13 வரும், அந்தோணியார் திருநாள். கூடாரக்காரனிடம் பேரம் பேச வேண்டும், மாநகர் மன்றத்தில் அனுமதி எடுக்க வேண்டும், முந்நூறு நாற்காலி இறக்க வேண்டும், சப்பரத்துக்குப் பூ சொல்ல வேண்டும், எல்லாம் முடிந்த நள்ளிரவில் குப்பை அள்ளவும் ஆள் வேண்டும். அறிவிப்பைச் சுருக்கச் சொல்லிப் புகார் எழுதுகிற நாம் யாரும் அந்த நேரத்தில் அங்கே இருப்பதில்லை என்று ஃபாதருக்குத் தெரியும்.