நெஞ்சை அழுத்தாமலே சான்றிதழ் வாங்குவது எப்படி?

இதயம் நின்றவரை மீட்கும் பயிற்சி இப்போது இரண்டு பாதியாக வருகிறது. பாடமும் தேர்வும் செல்போனில். அழுத்திப் பழகுவது பொம்மை மீது, பயிற்றுநர் முன்னால். அமெரிக்க இதயச் சங்கத்தின் ‘ஹார்ட்கோட்’ இந்த வகைதான். உத்திரமேரூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களின் டாக்டர்களே, சிஸ்டர்களே! இரண்டு பாதியையும் நோகாமல் கடக்க இதோ ஏழு படிகள். பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவைதாம்.

1. வீடியோவை ஓ.பி. நேரத்தில் ஓட விடுங்கள். செல்லை பி.பி. கருவிமேல் சாய்த்துவிட்டுச் சீட்டு எழுதுங்கள். கூட்டம் அதிகமென்றால் இரட்டை வேகம் வையுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை இருக்க வேண்டிய அழுத்தம் 200-ஐத் தாண்டி ஓடும். அந்தத் தாளத்தையே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. தேர்வைத் தனியாக எழுதாதீர்கள். விடைகள் வாட்ஸ்அப்பில் வரும். ஆழம்? 5 முதல் 6 சென்டிமீட்டர். அழுத்தமும் மூச்சும்? 30-க்கு 2. அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு குறையும்? 7 முதல் 10 சதவீதம். டிக் அடியுங்கள். ஐந்து சென்டிமீட்டரை உள்ளங்கைக்குச் சொல்லித்தர வேண்டாம், அதற்குத் தேர்வு கிடையாது.

3. பொம்மைப் பயிற்சிக்கு ஆளை யோசித்து அனுப்புங்கள். இது குடவோலை கண்ட ஊர். 921-ஆம் ஆண்டிலேயே, பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று கல்லில் வெட்டியவர்கள் நாம். அவ்வளவு கெடுபிடி இப்போது எதற்கு? போன வருடம் போனவரையே அனுப்புங்கள், அவருக்குப் பஸ் நேரம் தெரியும். இரவு டியூட்டி சிஸ்டரை மட்டும் அனுப்பாதீர்கள், பாவம், தூங்கட்டும்.

4. பொம்மையைப் பொம்மையாக நடத்துங்கள். 1960-இல் இதைச் செய்த நார்வேக்காரர் ஆஸ்மண்ட் லேர்டால் பொம்மை வியாபாரிதான். விளையாட்டுச் சாமானை யாராவது உடைப்பார்களா? பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ‘ஒன்று’ என்று இருக்கிறது. ஆடிட்டின்போதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. வெளியே எடுத்தே தீர வேண்டுமென்றால் ‘ஹேண்ட்ஸ்-ஆன்’ என்பதைத் தாராளமாகப் பொருள்கொள்ளுங்கள். கையெழுத்து, கைகுலுக்கல், கைதட்டல் எல்லாம் கை வேலைதானே? குத்துவிளக்கு, பொன்னாடை, சமோசா. பிறகு முப்பது பேரும் வரிசையில் வந்து ஆளுக்கு நான்கு அழுத்து. முழங்கையை மடக்கிக்கொள்ளுங்கள், போட்டோவில் அதுதான் அழகு. இரண்டு நிமிடம் விடாமல் அழுத்தினால் மூச்சு வாங்கும், புடவை கசங்கும்.

6. மெத்தைக் கட்டில்மேல் வைத்தே பழகுங்கள். அமுங்குவது மெத்தையா நெஞ்சா என்று ஆராய வேண்டாம். முதுகுக்கு அடியில் வைக்கும் பலகை ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கட்டும். சாவி லீவில் போனவரிடம் இருப்பது இன்னும் பத்திரம்.

7. சான்றிதழுக்குச் சட்டம் போடுங்கள். அது 2 ஆண்டு செல்லும். கைப்பழக்கம் சில மாதத்திலேயே தேய்ந்துவிடும், ஆனால் அதை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

இனி ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஷேர் ஆட்டோவில் ஒருவரைக் கொண்டுவந்து கட்டிலில் போடுவார்கள். நாடி இருக்காது. 108-க்குச் சொல்லியாயிற்று, வண்டி வந்துகொண்டிருக்கும். பயிற்சிக்குப் போனவர் வீட்டில் தூங்குவார். உங்கள் கட்டைவிரல் ‘அடுத்து’ பொத்தானைத் தேடும். பதறாதீர்கள். அண்ணாந்து சுவரைப் பாருங்கள். நல்ல தேக்குச் சட்டம். கழற்றுங்கள். முதுகுக்கு அடியில் வைக்க அங்கே கைக்கு எட்டும் கெட்டியான பொருள் அது ஒன்றுதான்.