வெண்டைக்காயும் மயில்கழுத்தும்: காதணிக் கற்பனையின் ஊற்றுக்கண் குறித்து ஓர் ஆய்வு

"உங்களுக்கு எப்படிங்க இந்த ஐடியாவெல்லாம் வருது?"

கைவேலை நகை விற்கும் மேசைக்கு முன்னால் நின்று, எல்லாத் தோடுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, எதையும் வாங்காமல் நகரப்போகிறவர்கள் கேட்கும் வினா இது. இவ்வாய்வாளர் இதுநாள் வரை இதற்கு "அது பாட்டுக்கு வரும்" என்றே விடையளித்து வந்துள்ளார். தமிழிலக்கியத்தில் நிறைஞர் பட்டம் பெற்று, அந்தப் பட்டத்தைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பதினெட்டு ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தியிருக்கும் ஒருவர் சொல்லத்தக்க விடையன்று அது. கருதுகோள் இல்லை, சான்று இல்லை, ஓர் அடிக்குறிப்புக்குக்கூட வழியில்லை. அக்குறையைக் களையவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வு எல்லை: மேற்கு மாம்பலத்தில் இரண்டாம் மாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசை, அதிலும் சுவரோரப் பாதி. மறுபாதி அத்தை காய் நறுக்கும் இடம். எல்லைத் தகராறு நிலுவையில் உள்ளது. முதன்மைச் சான்றுகள் கையில் ஒட்டியவை. துணைமைச் சான்றுகள் காதில் விழுந்தவை. நெறியாளர் ஒருவரைக் குறிப்பிட வேண்டியது மரபாதலால் அவ்விடத்தில் அத்தையையே வைக்கிறோம். ஆய்வின் ஒவ்வொரு கட்டத்திலும் "இது தேவையாம்மா?" என்ற அடிப்படைக் கேள்வியை எழுப்பியவர் அவர் ஒருவரே.

முதலில் பொருள் வரையறை. பாலிமர் க்ளே என்னும் பெயரில் க்ளே இருக்கிறது. பொருளில் களிமண் ஒரு சிட்டிகை கிடையாது. பி.வி.சி. தூளும், அதை இளக்கி வைக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவமும், நிறமியும் சேர்ந்த பிசைவு அது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. டெரகோட்டாவைப் போலச் சூளை கேட்காது. கம்பெனியைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி வரை, கேக் சுடும் ஓவனில் அரைமணி நேரம் வைத்தால் கெட்டிப்பட்டுவிடும். அதற்கு மேல் சூடேறிக் கருகினால் குழாய் எரிந்த நாற்றமும் நச்சுப்புகையும் வரும். அப்போது உறவு முறை தெளிவாகப் புரியும். அத்தை இதைப் "பிளாஸ்டிக் மாவு" என்கிறார். வேதியியல் அவர் பக்கம்.

இப்பொருளின் பிறப்பு வரலாறே நம் ஆய்வுக்கு முதல் தடயம். ஜெர்மனியின் பெயர்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குரூசேயிடம் 1939 வாக்கில் பொம்மைத் தலை செய்வதற்காக இப்படியொரு பிசைவு வந்துசேர்ந்தது. பட்டறைக்கு அது ஒத்துவரவில்லை. ஒதுக்கியதை எடுத்து வைத்துக்கொண்டவர் மகள் சோஃபி; வீட்டில் செல்லப்பெயர் ஃபிஃபி. அவர் கையில் உருவாகி, 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் கம்பெனிக்குப் போய், ஃபிமோ என்று உலகுக்கு வந்தது. அமெரிக்காவின் ஸ்கல்பிக்கும் ஏறத்தாழ இதே ஜாதகம். மின்மாற்றியின் உட்சூட்டை வெளியே கடத்துவதற்கென்று செய்தார்கள். அந்த வேலைக்கு அது உதவவில்லை. கம்பெனிக்கு வேண்டிய ஒருவரின் மகள் சும்மா கிடந்த துண்டில் ஏதோ உருவம் பிடிக்க, அதைச் சுட்டுப் பார்க்க, கலைப்பொருள் பிறந்தது என்று கம்பெனியே சொல்லிக்கொள்கிறது.

பெரியவர்கள் உதறியதை மகள் எடுத்தாள். இரண்டு கண்டங்களிலும் இதுவே நடந்தது. ஆய்வு என்றால் சோதித்துப் பார்க்க வேண்டுமே. என் மகளிடம் ஒரு துண்டைக் கொடுத்து அரைமணி நேரம் விட்டேன். பல்லி செய்தாள். நல்ல பல்லி, வால் சுருண்டிருந்தது. அதைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டபோது அத்தை பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். விழுந்த பல்லிக்குத்தான் பலன் உண்டு, தொங்கும் பல்லிக்கு இல்லை என்று அரைமணி நேர ஆலோசனைக்குப் பின் முடிவாயிற்று. ஆனாலும் யாரும் வாங்கவில்லை.

இனி முன்னோர் ஆய்வுகள். கற்பனை எங்கிருந்து வரும் என்பதில் கைவினை உலகம் பல பள்ளிகளாகப் பிரிந்து கிடக்கிறது.

இயற்கைப் பள்ளியினர் "வெளியே போ, கடலைப் பார், பூவைப் பார்" என்பர். ஆய்வாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனார். கிடைத்த தரவு: சுட்ட சோளம் ஒன்று, மிளகாய் பஜ்ஜி இரண்டு, செருப்புக்குள் மணல், கைப்பையில் சில கிளிஞ்சல்கள். கிளிஞ்சலை அச்சு அசலாகச் செய்து சுட்டு மேசையில் வைத்தால், "இது பீச்ல சும்மாவே கிடைக்குமே?" என்றார் முதலில் வந்தவர். அடுத்து மல்லிகை மொட்டு. வெள்ளைப் பிசைவைக் கையாண்டவர்களுக்கு அதன் குணம் தெரியும். காற்றில் மிதக்கும் நூல், புடவைப் பஞ்சு, மகள் எப்போதோ அழித்த ரப்பர்த் துகள் எல்லாவற்றையும் அது வாவென்று அழைத்து ஒட்டவைத்துக்கொள்ளும். ஈரத் துடைப்பானால் கையைத் துடைத்துத் துடைத்து இருபது மொட்டு செய்தேன். மேசையில் சிதறிய நான்கை அத்தை சோற்றுப்பருக்கை என்று எண்ணித் துடைத்து வழித்துவிட்டார். உவமையில் குற்றம் காண இயலாது.

செல்போன் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அங்கே எல்லாரும் மான்ஸ்டெரா இலையே செய்கிறார்கள். நானும் செய்தேன். "சேப்பங்கிழங்கு இலையா?" என்றார் அத்தை. தாவரவியல்படி இரண்டும் ஒரே குடும்பம். அத்தை மறுபடியும் சரி.

தொல்பொருள் பள்ளியை அப்படித் தள்ளிவிட முடியாது. மணி கோப்பதில் நமக்கிருக்கும் வயது அப்படி. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல் மணிகள் செய்திருக்கிறார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கண்ணாடி மணி. தெற்கத்திப் பாட்டிமார் காதில் தொங்கிய பாம்படத்தைப் பார்த்தால் கனசதுரமும் உருண்டையும் தகடுமாக, வடிவியல் பாடம் முழுவதும் ஒரே காதில் இருக்கும். இதைப் பார்த்து எழுந்த உந்துதலில் ஆய்வாளர் பாம்படம் ஒன்றைப் பிளாஸ்டிக் மாவில் செய்தார். வடிவம் சரியாகவே வந்தது. ஆனால் தங்கம் இல்லாத பாம்படம் போல்ட்டும் நட்டும் கழன்று விழுந்தது போலிருக்கிறது என்ற கருத்து வீட்டுக்குள்ளேயே எழுந்ததால் அது வெளியே வரவில்லை.

ஆயினும் அகழாய்விலிருந்து ஒரு முக்கியமான கருவி கிடைத்தது. கொடுமணலில் மணி செய்தார்கள், வெறுமனே அணியவில்லை என்று எப்படித் தெரிகிறது? மெருகேறிய மணிகளோடு, பாதி வேலையில் விடப்பட்டவையும், துளையிடும்போது உடைந்தவையும், கல் சில்லுகளும் கிடக்கின்றன. கழிவுதான் பட்டறைக்குச் சான்று. ஆகவே சாப்பாட்டு மேசையின் சுவரோரப் பாதியைத் துடைக்காமல் விட்டிருப்பது சோம்பல் அன்று, வருங்கால ஆய்வாளர்களுக்கு ஆற்றும் தொண்டு என்ற வாதம் நெறியாளர் முன் வைக்கப்பட்டது. நெறியாளர் துடைப்பத்தை எடுத்தார்.

இப்போது நம் கருதுகோளுக்கு வரலாம். ஐடியா என்பது தேடிப்போகும்போது வீட்டில் இருப்பதில்லை. வேறொரு வேலையில் கை அகப்பட்டிருக்கும்போது, பெரும்பாலும் யாரேனும் கடிந்துகொண்டிருக்கும்போது வருகிறது. இதற்கு இரண்டு நிகழ்வாய்வுகள்.

முதலாவது வெண்டைக்காய். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பொரியலுக்கு நறுக்கிக்கொண்டிருக்கையில் கத்தி நின்றது. எங்கே வெட்டினாலும் அதே ஐங்கோணம், அதே ஐந்து அறை, அறைக்குள் அதே வெள்ளை விதை. பாலிமர் நகைக்காரர்கள் "கேன்" என்று சொல்வது இதைத்தான்: கரும்புத்துண்டு போல ஓர் உருளை, அதன் நீளம் முழுக்க உள்ளே ஒரே படம், சீவச் சீவ வில்லைக்கு வில்லை அதே கோலம். வெனிஸை ஒட்டிய முரானோ தீவின் கண்ணாடிக் கலைஞர்கள் 'ஆயிரம் பூ' என்று பொருள்படும் மில்லெஃபியோரியில் செய்துகாட்டிய வித்தை. வெண்டைச்செடி அதைக் கொல்லையிலேயே செய்துகொண்டிருந்திருக்கிறது. நாம்தான் புளிக்குழம்பில் போட்டுக்கொண்டிருந்தோம்.

பிசைவை எடுத்தேன். வெளியே கரும்பச்சைத் தோல், உள்ளே இளம்பச்சை, நடுவே ஐந்து அறை, அறைக்கொரு விதை. 4 சென்டிமீட்டர் விட்டம், 5 சென்டிமீட்டர் நீளம். அடுப்பில் பொரியல் கருகியதும், நெறியாளர் அதுகுறித்து எடுத்துரைத்ததும் ஆய்வுக்கு வெளியே நிற்பவை. ஆய்வுக்குரியது பின்வரும் கணக்கு. உருளையை அழுத்தி இழுத்து 1 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒடுக்கினால் படமும் கூடவே சிறுக்கும். விட்டம் கால்பங்கு ஆனால் நீளம் பதினாறு மடங்காகும். அதாவது 80 சென்டிமீட்டர் வெண்டைக்காய். 2 மில்லிமீட்டர் கனத்தில் சீவினால் 400 வில்லை. முனைகள் கோணிப்போனதைக் கழித்தால் 340. சோடிக்கு இரண்டு என்றால் 170 சோடி வெண்டைக்காய்த் தோடு.

கற்பனை வருவதைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. வந்த கற்பனை 170 சோடியாக நின்றால் என்ன செய்வது என்று ஒரு நூலும் பேசவில்லை.

(முறுக்கு அச்சு விவகாரம் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. இந்தப் பிசைவு பட்ட பாத்திரம் எதுவும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது என்பது தொழில் விதி. அச்சு அத்தைக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளை அச்சு என்பது வரலாற்று உண்மை. இரண்டும் மோதிய இடத்தில் ஆய்வாளர் மௌனம் காக்கிறார்.)

இரண்டாவது நிகழ்வு மயில்கழுத்து. தமிழ்நாட்டில் நகை செய்பவருக்கு ஐடியாவைப் பெரும்பாலும் வாடிக்கையாளர்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிறார். ஒரு புடவைப் படமும், "சிஸ்டர், இதே கலர்ல ஜிமிக்கி வேணும்" என்ற ஒரு வரியும். அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, எம்.எஸ். ப்ளூ என்று எது கேட்டாலும் கலந்துவிடலாம். அன்று வந்தது மயில்கழுத்து. மூன்று படம் அனுப்பியிருந்தார். வெயிலில் நீலம், டியூப்லைட்டில் பச்சை, கடைக்குள் ஊதா. முகூர்த்தம் மறுநாள் காலை.

நீலத்தோடு பச்சை சேர்த்தேன். மயிலிறகுக்குக் கிட்டே வந்தது, கழுத்துக்கு வரவில்லை. கொஞ்சம் ஊதா. இருண்டது. தூக்கிவிடலாம் என்று பொன்னிறம். பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் ஆயிற்று. இரவு பதினொன்றரை. மே மாதம். குளிர்நாட்டு ஆசிரியர்கள் பிசைவு இளகப் பத்து நிமிடம் உள்ளங்கையில் வைத்து உருட்டச் சொல்வார்கள். சென்னையில் இரண்டாவது நிமிடமே அது அல்வா. குளிர்சாதனப் பெட்டியில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்து வைத்து எடுத்தேன்.

தோல்விக்குக் காரணம் பிற்பாடுதான் விளங்கியது. மயிலின் கழுத்தில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலமாகவும் பச்சையாகவும் காட்டுகிறது. உள்ளே இருக்கும் நிறமி கரும்பழுப்பு. நெசவாளர் அதைத் தறியில் வேறு வழியில் பிடித்தார்: பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்பு திரும்பினால் நிறம் திரும்பும். இரண்டு பேருமே நிறத்தைக் கலக்கவில்லை. நான் மட்டும் கலந்துகொண்டிருந்தேன்.

கைவிட்டேன். மிஷினைத் துடைத்து வைத்துவிட்டுப் படுக்கலாம் என்று உட்கார்ந்தேன். இத்தாலிக்காரர்கள் பாஸ்தா மாவைத் தகடாக்கும் உருளை மிஷின் அது. அத்தை சப்பாத்தி மிஷின் என்பார், அதில் ஒரு சப்பாத்தியும் வந்ததில்லை. உருளையில் முத்துநீலத் துண்டொன்று சிக்கியிருந்தது. மினுமினுக்கும் அந்த வகையில் காக்காய்ப்பொன் துகள் கலந்திருக்கும். அதை வெளியே எடுக்கப் பச்சைப் பிசைவை ஒட்டவைத்து உருட்டினேன், மடித்து உருட்டினேன், வரவில்லை என்ற கோபத்தில் பத்துப் பதினைந்து தடவை உருட்டினேன். வெளிவந்த பட்டையைத் தூக்கி எறியப்போகையில் டியூப்லைட் அதில் திரும்பியது. உருட்ட உருட்டக் காக்காய்ப்பொன் துகள்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துவிட்டிருந்தன. நேரே பார்த்தால் நீலம், சாய்த்தால் அடியிலிருந்து பச்சை.

"இன்னும் தூங்கலையா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கருதுகோளுக்குத் தேவையான கடிதலும் ஆயிற்று.

எஃகு அளவுக் கரண்டி ஒன்றின் முதுகில் பட்டையைப் போர்த்திக் குடை பிடித்து, ஓரத்தில் மணி வைத்து, 130 டிகிரியில் அரைமணி. காலை ஆறு மணிக்கு ஜிமிக்கி போனது. ஏழு மணிக்குப் பதில் வந்தது: "சூப்பர் சிஸ்டர்! எப்படி இந்த ஐடியா வந்துச்சு?" அதுபாட்டுக்கு வந்தது என்று எழுதினேன். முகூர்த்த நேரத்தில் நீண்ட விளக்கம் முறையாகாது.

எஞ்சிய வினா அந்த 170 சோடி. அதைத் தீர்த்தவர் நெறியாளர். நவராத்திரிக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஏதாவது வைத்துக் கொடுக்க வேண்டுமல்லவா? வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ஒரு சோடி வெண்டைக்காய். ஒன்பது நாளில் மேசை காலியானது. மேற்கு மாம்பலத்தின் அந்தத் தெருவில் ஐப்பசி முழுக்க யார் காதைப் பார்த்தாலும் பொரியல் ஞாபகம் வந்தது.

அடுத்த ஆண்டு நவராத்திரி ஐந்தாம் நாள் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போய்வந்தோம். வீட்டுக்கு வந்து தாம்பூலப் பையைப் பிரித்தேன். வெற்றிலைக்கு அடியில், சிறிய பிளாஸ்டிக் உறையில், கொக்கிகூட மாறாமல், ஒரு சோடி வெண்டைக்காய்த் தோடு. கூடவே ஒரு ரவிக்கைத் துணி, மாந்துளிர் நிறம். அத்தை தோட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு. யார் பண்ணதாம்?"